செல்ஃப் மோட்டாரை மாற்றுவதற்கு முன் எர்த் கேபிளைப் பாருங்கள்

டீசல் பிக்கப்பில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறதா? உடனே எஞ்சினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றாதீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு, பேட்டரியின் நெகட்டிவ் முனையை எஞ்சினோடு இணைக்கும் எர்த் கேபிளில்தான். அந்தக் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, இறுக்கிவிடுங்கள்.

டீசல் எஞ்சினில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்துவது) அதிகம், அதைச் சுழற்ற மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு மின்சாரம் பாயும்போது முனையில் படிந்த கொஞ்சம் துருவே வோல்டேஜைத் தின்றுவிடும். மோட்டார் மெதுவாகச் சுற்றி, சூடாகி, சீக்கிரம் தேய்கிறது. நல்ல மோட்டார்கள் இப்படித்தான் வீணாகின்றன.

முதலில் பேட்டரியில் போதுமான சார்ஜ் இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த அளவீட்டை நம்ப முடியாது. மோட்டார் விர்ரென்று சுற்றியும் எஞ்சின் அசையவில்லை, அல்லது பல்லில் கரகரவென்று உரசுகிறது என்றால் இந்தச் சோதனை பயன்படாது. அப்போது பினியனையோ (மோட்டாரின் சின்னப் பல்சக்கரம்) அது சுழற்றும் ரிங் கியரையோதான் (எஞ்சினின் பெரிய பல்சக்கரம்) பார்க்க வேண்டும்.