கழுத்துத் தண்டுவட அழுத்தத்தை நடையில் கண்டுபிடிப்பது எப்படி?

கழுத்தெலும்புத் தேய்மானம் தண்டுவடத்தை நெருக்கும்போது, கழுத்து வலிக்காமலேகூட நடை கெடலாம். கால் விறைக்கும், பாதம் எங்கே இருக்கிறது என்ற உணர்வு மங்கும். அதனால்தான் இருட்டில் தள்ளாட்டம் கூடுகிறது.

சுவரோரமாக, பக்கத்தில் ஒருவரைத் துணைக்கு நிறுத்தி, நடை கெட்டவரை ஒரு காலின் குதிகாலை மறுகால் விரல்நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் 10 அடி எடுத்துவைக்கச் சொல்லுங்கள். காலை அகட்டுகிறாரா, திரும்பும்போது தடுமாறுகிறாரா என்று பாருங்கள். பிறகு உள்ளங்கையை வேகமாக முழுதாக மூடித் திறக்கச் சொல்லி எண்ணுங்கள்: 10 வினாடியில் 20 முறைக்குக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். இரண்டும் சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

வயதாகிவிட்டது என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. இழந்த நடை முழுதாகத் திரும்பாமல் போகலாம். எம்ஆர்ஐ பார்க்கும்வரை கழுத்தில் சொடுக்கெடுக்க விடாதீர்கள். சிறுநீர் கட்டுப்படாமல் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.