பீட் அமைத்தவரின் பெயர் கிராமி வரை சென்று சேர்வதற்கான வழிகாட்டி

தமிழில் தயாரிப்பாளர் என்ற சொல்லைக் கேட்டவுடன் பணம் போடுபவர் என்ற எண்ணமே முந்திக்கொண்டு வரும். ஹிப் ஹாப்பில் அந்தச் சொல்லுக்கு உரியவர் பீட் அமைப்பவர். டிரம்ஸின் அடியையும் பேஸின் கனத்தையும் முடிவுசெய்து, பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துணுக்கை வெட்டியெடுத்து, ராப்பர் எந்த வரியை இன்னொரு முறை பதிவுசெய்ய வேண்டும் என்பது வரை கவனித்துப் பதிவை உருவாக்குபவர் அவர்தான். அமெரிக்காவின் ரெக்கார்டிங் அகாடமி வழங்கும் கிராமி விருதை அடைய வேண்டும் என்று அவர் உறுதி கொண்டால், நல்ல பீட் அமைப்பது பாதி வேலை மட்டுமே. அதை அமைத்தவர் இன்னார் என்பது எழுத்தில் பதிவாகியிருப்பதும், அந்தப் பதிவு சரியான பிரிவில் உரிய நாளுக்குள் போய்ச் சேர்வதும் மீதிப் பாதி. இந்தக் கட்டுரை அந்த மீதிப் பாதியைப் பற்றியது.

எந்தப் பிரிவு, எவருக்கான விருது

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, ஒரே பாட்டுக்கு வழங்கப்படும் வெவ்வேறு விருதுகள் வெவ்வேறு ஆட்களின் கைக்குப் போகின்றன என்பது. இதை விளக்க ஹிட்-பாய் என்ற கலிபோர்னிய இசைத் தயாரிப்பாளரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2013இல் ஜே-ஸியும் கான்யே வெஸ்ட்டும் இணைந்து பாடிய பாட்டுக்காக அவருக்குச் சிறந்த ராப் பாடல் விருது கிடைத்தது. அது பாடலை இயற்றியவர்களுக்கான விருது. பீட்டை அமைத்தவர் என்ற முறையில் அவர் பாடலாசிரியர்களுள் ஒருவராகப் பதிவாகியிருந்ததால்தான் அது அவருக்கு வந்தது. 2020இல் நிப்சி ஹசிலின் பாட்டொன்று சிறந்த ராப் பெர்ஃபார்மன்ஸ் விருதை வென்றது. அது பாடும் கலைஞர்களுக்கு உரிய விருது. அந்தப் பாட்டின் முகப்பிலேயே ஹிட்-பாயின் பெயரும் இணைக் கலைஞராக இடம்பெற்றிருந்தமையால் அவருக்கும் பங்கு கிடைத்தது. 2021இல் ராப்பர் நாஸின் ஆல்பம் சிறந்த ராப் ஆல்பமாகத் தேர்வானபோது, அதன் இசைத் தயாரிப்பாளர் என்ற நேரடியான உரிமையில் மூன்றாவது விருதைப் பெற்றார். பாடலாசிரியர், கலைஞர், தயாரிப்பாளர் என மூன்று வாசல்கள் வழியாக ஒரே மனிதர் உள்ளே போயிருக்கிறார். ஆண்டின் சிறந்த இசைத் தயாரிப்பாளர் என்ற விருதுக்கும் அவர் ஒருமுறைக்கு மேல் பரிந்துரை பெற்றார்; அந்த ஆண்டுகளில் அது ஜாக் ஆன்டனாஃபிடம் போனது.

எந்த இசை வகைக்கும் பொதுவான பொதுப் பிரிவு விருதுகளில் பீட் அமைப்பவருக்கு மிக நெருக்கமானது ஆண்டின் சிறந்த பதிவு என்பது. அது கலைஞருக்கு மட்டுமல்லாமல் இசைத் தயாரிப்பாளர், ஒலிப்பதிவுப் பொறியாளர், மிக்ஸிங் செய்தவர், மாஸ்டரிங் செய்தவர் ஆகிய அனைவருக்கும் உரியது. ஒரு ராப் பாட்டு முதன்முறையாக இந்த விருதை வென்றது 2019இல்தான். அன்று அதைப் பாடிய டொனால்ட் குளோவருடன் லுட்விக் யோரான்சனும் தயாரிப்பாளராக அதைப் பகிர்ந்துகொண்டார். ஆண்டின் சிறந்த பாடல் விருதிலும் பாடலாசிரியராக அவர் பெயர் இருந்தது. ராப்புக்கென்று கிராமியில் தனி விருது வந்தது 1989இல் என்பதையும், அந்த முதல் விருதைத் தொலைக்காட்சியில் காட்ட மறுத்ததால் வென்றவர்களே விழாவைப் புறக்கணித்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்த முப்பது ஆண்டுத் தொலைவு எவ்வளவு பெரியது என்பது புரியும்.

ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதில் பங்கு பெற, ஆல்பத்தின் மொத்த ஒலி நேரத்தில் குறைந்தது 20 சதவீதத்துக்காவது உங்கள் பங்களிப்பு இருக்க வேண்டும். பதினைந்து பாட்டுகள் கொண்ட ஆல்பத்தில் ஒரே ஒரு பீட் உங்களுடையது என்றால், ஆல்பம் வென்றாலும் சிலை உங்கள் வீட்டுக்கு வராது. பங்களித்தமைக்கான சான்றிதழோடு நிற்க வேண்டியதுதான். ஆகவே, பத்துப் பெரிய ராப்பர்களுக்குத் தலைக்கு ஒரு பீட் விற்பதைவிட, ஒரே ராப்பருடன் உட்கார்ந்து ஒரு முழு ஆல்பத்தை முடிப்பதே இந்த நோக்கத்துக்கு உகந்தது என்பது என் உறுதியான கருத்து. நாஸ் 2021க்கு முன் பதின்மூன்று முறை பரிந்துரை பெற்றும் வெல்லாதவர். ஒரே தயாரிப்பாளரின் கைவண்ணத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சாக ஒலித்த ஆல்பத்தில்தான் அவரது முதல் கிராமி வந்தது.

ஆண்டின் சிறந்த இசைத் தயாரிப்பாளர் விருது தனிப்பாட்டைப் பார்த்து வழங்கப்படுவதன்று. அந்த ஆண்டில் வெளியான உங்கள் வேலைகளின் தொகுப்பே அங்கு எடைபோடப்படுகிறது. டாக்டர் டிரே 2001இலும், தி நெப்டியூன்ஸ் இருவர் அணி 2004இலும், ஃபேரல் வில்லியம்ஸ் தனியாக 2014இலும் 2019இலும் அதை வென்றிருக்கிறார்கள். வளரும் நிலையில் இருப்பவர் இதை முதல் குறியாக வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கணக்கைப் பதிவறையிலேயே முடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால், இதைப் படியுங்கள். இரவு இரண்டு மணி. பாட்டு முடிந்துவிட்டது, ஸ்பீக்கரில் நான்காவது முறையாக ஓடுகிறது, அறையில் எல்லோரும் மகிழ்ச்சியில் இருக்கிறார்கள். பீட் உங்களுடையது, ஆனால் அதன் மெலடியை இன்னொருவர் கீபோர்டில் வாசித்துக் கொடுத்தார். கோரஸில் ஒரு வரியைக் கூடவந்த நண்பர் சொன்னார். அந்த நேரத்தில், ஒருவரும் எழுந்து வீட்டுக்குப் போவதற்கு முன், ஸ்பிளிட் ஷீட் எனப்படும் பங்குத் தாளை எடுத்து மேசைமேல் வையுங்கள். பாட்டின் பெயர், தேதி, ஒவ்வொருவரின் சட்டப்பூர்வமான பெயர், மேடைப் பெயர், ஏஎஸ்சிஏபி அல்லது பிஎம்ஐ போன்ற உரிமை அமைப்பில் அவர்களின் உறுப்பினர் எண், இயற்றியதில் ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம் என்பவற்றை எழுதி, கூட்டினால் சரியாக நூறு வருகிறதா என்று பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். கைபேசியில் படமெடுத்து எல்லோருக்கும் அங்கேயே அனுப்பிவிடுங்கள். பாட்டு வெற்றி பெற்ற பிறகு இதைப் பேச உட்கார்ந்தால், எட்டுப் பேருக்கும் எட்டு விதமான நினைவு இருக்கும்.

சட்டப்பூர்வமான பெயர் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2013இன் சிறந்த ராப் பாடல் பட்டியலில் ஹிட்-பாய் என்ற பெயர் கிடையாது. சான்சி ஹாலிஸ் என்றுதான் இருக்கும். பாடலாசிரியர் பட்டியல் ஒரு பெயரிலும், தயாரிப்பாளர் பட்டியல் இன்னொரு பெயரிலும் நடக்கும் இந்த உலகில், இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டும் தொடர்பை நீங்களே உண்டாக்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டிலும் மேடைப் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். ஒன்றில் இடைக்கோடு இருந்து மற்றொன்றில் இல்லாமல் போனால், தரவுத்தளங்கள் உங்களை இரண்டு மனிதர்களாகக் கருதிவிடும்.

எந்தச் சொல்லில் உங்களைக் குறிப்பிடுகிறார்கள் என்பதும் முக்கியம். தயாரிப்பாளர் என்பதும், கூடுதல் தயாரிப்பு என்பதும், எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர் என்பதும் ஒன்றல்ல. கடைசியில் சொன்னது கேட்பதற்குக் கம்பீரமாக இருந்தாலும், அந்தப் பட்டம் மட்டும் உங்களைக் கிராமிக்குத் தகுதியாக்காது. பாட்டு வெளியாவதற்கு முன் விநியோக நிறுவனத்துக்குப் போகும் மெட்டாடேட்டாவின், அதாவது பாட்டின் விவரப் பட்டியலின், பிரதியைக் கேட்டு வாங்கி, உங்கள் பெயர் இருக்கும் கட்டத்தை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

சாம்பிள், அதாவது பழைய பதிவிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கு, பயன்படுத்தியிருந்தால், இரண்டு அனுமதிகள் தேவை: ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் ஒன்று, பாட்டை இயற்றியவரின் தரப்பிடம் மற்றொன்று. ராப்பர் பிஸ் மார்க்கியின் ஆல்பம் தொடர்பாக 1991இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, கேட்காமல் எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. அதே மெட்டை நீங்கள் புதிதாக வாசித்துப் பதிவுசெய்தால் ஒலிப்பதிவு அனுமதி தேவைப்படாது. இயற்றியவரின் அனுமதி மட்டும் போதும். சாம்பிள் இருப்பதாலேயே ராப் பாடல் தகுதி இழந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ராப்பர் டிரேக்கின் பாட்டொன்றுக்காக 2017இல் சிறந்த ராப் பாடல் விருதை அவருடன் பகிர்ந்துகொண்ட தயாரிப்பாளர் நைன்டீன்85, டிம்மி தாமஸின் பழைய பதிவிலிருந்து எடுத்த துணுக்கின் மேல்தான் அந்தப் பீட்டைக் கட்டியிருந்தார். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பொறுத்தவரை, மனிதப் படைப்பாளிகளுக்கு மட்டுமே விருது என்பது அகாடமியின் விதி. கருவி உதவியிருக்கலாம், ஆனால் நீங்கள் போட்டியிடும் வேலையில் மனிதரின் பங்கு பொருட்படுத்தத்தக்கதாக இருக்க வேண்டும்.

உறுப்பினராவதும் பதிவை அனுப்புவதும்

போட்டிக்குப் பதிவுகளை அனுப்பும் உரிமை அகாடமியின் உறுப்பினர்களுக்கும், அங்கு பதிவுசெய்துகொண்ட இசை நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. பெரிய நிறுவனத்தின் ஆல்பத்தில் வேலை செய்தவருக்கு அந்த நிறுவனமே அனுப்பிவிடும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆயினும் அனுப்பினார்களா, எந்தப் பிரிவில் அனுப்பினார்கள், உங்கள் பெயரைச் சேர்த்தார்களா என்று கேட்டு உறுதிசெய்வது உங்கள் கடமை. சுயாதீனமாக வெளியிடுபவருக்கு உறுப்பினராவதுதான் வழி. வாக்குரிமையுள்ள உறுப்பினராக, ஒரே துறையில் முறையாக வெளியாகிச் சரிபார்க்கத்தக்க பன்னிரண்டு பங்களிப்புகள் வேண்டும். அவற்றுள் குறைந்தது ஐந்து கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வந்திருக்க வேண்டும். இசைத்துறையினர் இருவரின் பரிந்துரையும் வேண்டும். மேலே சொன்ன பெயர் ஒழுங்கு இங்கேதான் முதன்முதலில் பலன் தருகிறது. அட்லாண்டா, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், மெம்ஃபிஸ் என்று பன்னிரண்டு கிளைகள் அகாடமிக்கு இருக்கின்றன. அவற்றின் கூட்டங்களுக்குப் போய்ப் பழகுவது பரிந்துரைக்கு ஆள் பிடிப்பதற்காக மட்டும் என்று எண்ண வேண்டாம். உங்கள் வேலையை முழுதாகக் கேட்டவர் ஒருவர் எழுதும் பரிந்துரைக்கு இருக்கும் எடையே வேறு.

காலக்கணக்கில் பிசகினால் எதுவும் செய்ய இயலாது. 2026 பிப்ரவரி 1 அன்று நடந்த 68ஆவது விழாவுக்கு, 2024 ஆகஸ்ட் 31 முதல் 2025 ஆகஸ்ட் 30 வரை அமெரிக்காவில் பொது விநியோகத்துக்கு வந்த பதிவுகளே தகுதி பெற்றன. முதல் சுற்று வாக்கெடுப்பு அக்டோபரிலும், பரிந்துரை அறிவிப்பு நவம்பர் 7இலும், இறுதிச் சுற்று டிசம்பர் முதல் ஜனவரி வரையிலும் நடந்தன. ஆல்பத்தைக் கோடையின் கடைசி வாரத்தில் வெளியிட்டால், அது தகுதிக்குள் வந்தாலும், அக்டோபரில் வாக்களிப்பவர்கள் காதில் இன்னும் ஊறியிருக்காது. இயன்றால் ஆண்டின் முற்பகுதியில் வெளியிடுவதே நல்லது.

அனுப்பப்பட்ட பதிவுகளைத் துறை வல்லுநர்களின் குழுக்கள் தகுதிக்காகவும் பிரிவுக்காகவும் மட்டுமே சரிபார்க்கின்றன. தரத்தை அவை தீர்ப்பதில்லை. தரத்தைத் தீர்ப்பது உறுப்பினர்களின் வாக்கு. ஓர் உறுப்பினர் பொதுப் பிரிவின் ஆறு விருதுகளோடு, மூன்று துறைகளுக்குள் பத்துப் பிரிவுகளில் மட்டுமே வாக்களிக்கலாம் என்பதால், ராப் பிரிவில் உங்களுக்கு வாக்களிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் அந்த இசையில் ஊறியவர்களே. அவர்களிடம் விற்பனை எண்ணிக்கையைச் சொல்லிப் பயனில்லை. விற்பனை, தரவரிசை, நட்பு, நிறுவன விசுவாசம் ஆகியவற்றைப் பொருட்படுத்தாமல் கலைத்தரத்தையும் தொழில்நுட்பத் தரத்தையும் மட்டுமே பார்க்க வேண்டும் என்று அகாடமி அவர்களைக் கேட்டுக்கொள்கிறது. வாக்குக்கு வாக்கு என்று பேரம் பேசுவது விதிமீறல். அதன் அருகில்கூடப் போக வேண்டாம். நீங்கள் செய்யத்தக்கது, அந்தப் பீட் எப்படி உருவாயிற்று என்று பட்டறைகளிலும் நேர்காணல்களிலும் விளக்கிக் காட்டுவது. ஒரு துணுக்கை எங்கே வெட்டினீர்கள், ஸ்நேர் டிரம்மின் அடியை ஏன் நூலிழை பின்தள்ளி வைத்தீர்கள் என்று ஸ்டெம்கள் எனப்படும் தனித்தனி ஒலித்தடங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுச் சொல்லும் பத்து நிமிடம், விளம்பரம் எதுவும் செய்ய முடியாத வேலையைச் செய்யும்.

பரிந்துரைப் பட்டியல் வெளியான அன்றே உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் பங்குத் தாளையும் வெளியீட்டின் கிரெடிட் பட்டியலையும் இணைத்து உடனடியாக அகாடமிக்கு எழுதுங்கள். விழா நாளில் பெரும்பாலான விருதுகள் மாலை ஒளிபரப்புக்கு முன் பிற்பகல் நிகழ்ச்சியிலேயே வழங்கப்படுகின்றன, ராப் விருதுகளும் பல ஆண்டுகளில் அங்கேதான் வழங்கப்பட்டிருக்கின்றன. ஆகவே நேரத்தோடு அரங்குக்குப் போய்விடுங்கள். மேடையில் கையில் கொடுக்கப்படும் சிலை படமெடுப்பதற்கானது, அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கொலராடோவின் ரிட்ஜ்வே என்ற சிற்றூரில் உள்ள பட்டறையில் கையால் செய்யப்படும் உங்கள் சிலை, பெயர் பொறிக்கப்பட்டுப் பின்னர் வந்து சேரும்.