கேரேஜில் ரேக் போடும்போது கவனிக்க வேண்டியவை
ரேக் வாங்கும் முன் உள்ளே வைக்கப்போகும் பெட்டிகளில் பெரியதை எடுத்து அளந்துவிடுங்கள். பெரும்பாலும் 45 செ.மீ. ஆழமுள்ள தட்டு போதும், அதற்கு மேல் போனால் பின்னால் இருக்கும் பொருள் கண்ணிலேயே படாது.

அப்புறம் தரை. தண்ணீர் வெளியே ஓடுவதற்காக கேரேஜ் தரையைக் கொஞ்சம் வாட்டமாகப் போட்டிருப்பார்கள், அதனால் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கக் காலுக்கு அடியில் இரும்புத் தகடு கொடுத்துச் சரிசெய்யுங்கள், மரத்துண்டு வேண்டாம், ஈரத்தில் ஊறி நசுங்கிவிடும். அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். கனமானவை கீழே.

ரேக்கைச் சுவரோடு ஆங்கர் போல்ட் போட்டு இறுக்குவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், ஒரு குழந்தை தட்டில் கால் வைத்து ஏறினாலே முழு ரேக்கும் முன்னால் சாய்ந்துவிடலாம். செங்கல் சுவர் என்றால் துளையைக் கெட்டியான கல்லின் நடுவில் போடுங்கள், இரண்டு கல்லுக்கு இடையிலுள்ள சாந்தில் போட்டால் போல்ட் சரியாகப் பிடிக்காது.