உங்கள் திறன்களை வகை பிரித்து அறிவது எப்படி?

உங்களிடம் என்னென்ன திறன்கள் உள்ளன என்று நேர்காணலில் கேட்டால், பெரும்பாலோர் தாம் பெற்ற பட்டத்தையோ "கடின உழைப்பாளி" என்பது போன்ற ஒரு குணத்தையோ சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பட்டம் கற்றதைக் காட்டும். குணம் இயல்பைக் காட்டும். திறன் என்பதோ ஒரு செயலை ஒவ்வொரு முறையும் நம்பத் தகுந்தவாறு செய்து முடிக்கும் ஆற்றல். ஆகவே, செயல்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

கடந்த ஓராண்டில் அலுவலகத்திலும் வீட்டிலும் நீங்கள் செய்து முடித்த வேலைகளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் சிறு செயல்களாகப் பிரியுங்கள். "மாத அறிக்கை தயாரித்தேன்" என்ற ஒரே வரிக்குள், கணக்குகளைத் திரட்டியது, அவற்றில் முரண்பட்டவற்றைக் கண்டுபிடித்தது, விவரம் தரத் தயங்கிய பிரிவினரிடம் பக்குவமாகப் பேசி வாங்கியது, அனைத்தையும் ஒரே பக்கத்தில் சுருக்கியது என நான்கு வெவ்வேறு திறன்கள் மறைந்திருக்கின்றன. இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மற்றவை எல்லாம் இதைப் பொறுத்தவை.

அடுத்து வகைப்படுத்துங்கள். மேலாண்மை அறிஞர் ராபர்ட் காட்ஸ் 1955-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையில் முன்வைத்த மூன்று வகைகள் இன்றும் பயன்படுகின்றன: ஒரு தொழிலுக்கே உரிய தொழில்நுட்பத் திறன், மனிதர்களோடு இணைந்து செயல்படும் திறன், முழு நிறுவனத்தையும் ஒருசேரப் பார்த்து முடிவெடுக்கும் கருத்தாக்கத் திறன். பொறுப்பு உயர உயர முதலாவதன் தேவை குறைந்து மூன்றாவதன் தேவை கூடும் என்றும், இரண்டாவது எல்லா நிலைகளிலும் வேண்டும் என்றும் அவர் விளக்கினார். நிர்வாகிகளை மனத்தில் கொண்டு எழுதியதால், தன்னைத் தானே ஆளும் திறன்களுக்கு அவர் தனி இடம் தரவில்லை. அந்தக் குறையை உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் திறன் பட்டியல் நிரப்புகிறது. அதிலுள்ள பத்தில் தன்னறிதல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் ஆகியவற்றை நான்காவது வகையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி ஒவ்வொரு திறனையும் பற்றி, வேறு துறைக்குச் சென்றாலும் இது உதவுமா என்று கேளுங்கள். குறிப்பிட்ட மென்பொருளை இயக்குவது அந்த மென்பொருள் உள்ள இடத்தில் மட்டுமே உதவும். முரண்பட்ட கணக்கைக் கண்டுபிடிப்பது எங்கும் உதவும். வேலை மாற நினைப்பவர்கள் எங்கும் உதவும் இத்தகைய திறன்களையே முன்னிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தேர்ச்சியின் அளவையும் குறியுங்கள். வழிகாட்டுதலோடு செய்வது, தனியாகச் செய்வது, எதிர்பாராத சிக்கல் வந்தாலும் செய்வது, பிறருக்குக் கற்பிப்பது என்ற நான்கு நிலைகள் போதும். நீண்ட காலம் பழகிய திறன் நம் கண்ணுக்கே தெரியாமல் போவதால், உடன் பணிபுரிபவர் ஒருவரிடம், "எந்த வேலைக்கு என்னைத் தேடி வருவீர்கள்?" என்று கேட்டு, அவர் சொல்வதையும் பட்டியலில் எழுதுங்கள்.