புற்றடிக் காளானை எப்படி அடையாளம் காண்பது?

ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்து ஓய்ந்தால், பனங்காணியில் கறையான் புற்றடியில் காளான் தலை காட்டும். உடனே பிடுங்காதீர்கள், கத்தியால் மண்ணை மெல்லக் கிண்டிப் பாருங்கள். புற்றுக் காளானின் தண்டு வேர் மாதிரி நீண்டு புற்றுக்குள் இறங்கும், குடையின் நடுவில் கூரான முனை இருக்கும்.

புல்தரையில் வட்டமாக முளைக்கும், தண்டில் வளையமுள்ள வெள்ளைக் குடை வேறு. அதில் நச்சு வகை உண்டு. அதன் குடையை வெள்ளைக் கடதாசியில் கவிழ்த்து, கோப்பையால் மூடி இரவு விடுங்கள். பச்சைத் தூள் படிந்தால் எறிந்துவிடுங்கள், வயிற்றைப் புரட்டியெடுக்கும். பச்சை இல்லையென்றாலும், காளான் தெரிந்த பெரியவருக்குக் காட்டாமல் சட்டியில் போடாதீர்கள். உள்ளி போட்டு நிறம் பார்க்கும் வழக்கத்தை நம்பவே வேண்டாம்.