பராமரிப்புச் செலவுக்குப் பணம்: சில வழிகள்

வீட்டில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு மருத்துவமனைச் சிகிச்சைக்குத்தான். ஆள் சம்பளமும் டயப்பர் செலவும் நம் கையிலிருந்துதான் போகும். ஆனாலும் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அந்தக் காப்பீட்டு அட்டையை எடுத்து வையுங்கள். ஒரே ஒரு அட்மிஷன் சேமிப்பைக் காலி செய்துவிடும்.

சரி, மாதச் செலவுக்கு? எல்லாப் பணத்தையும் ஒரே திட்டத்தில் முடக்காதீர்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். ஆள் சம்பளமோ மாதாமாதம் கொடுத்தாக வேண்டும். அதனால் ஒரு பகுதியை அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போட்டால் கைமாற்று வாங்கத் தேவையிருக்காது. தனி நபருக்கு 9 லட்சம், கூட்டுக் கணக்குக்கு 15 லட்சம் வரை போடலாம்.

அப்புறம், மருந்துக் கடைக்கும் டாக்டருக்கும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 60 வயதைத் தாண்டி, மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களுக்குப் பழைய வருமான வரி முறையில் 50,000 ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கழிவு உண்டு. ரொக்கமாகக் கொடுத்தது அதில் சேராது. பில்லையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

பிள்ளைகள் கைவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஜீவனாம்சம் கேட்டு மனு கொடுக்கலாம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது, கூச்சப்படவே வேண்டாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14567க்குப் போன் செய்யுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் அது.