வாலைப் பார்க்காமல் விடும் பிழைகள்: நியூத்திரினோ உணரியில் கதிர்களைப் பிரித்தறிதல்

கொக்குவிலில் என்னுடைய உயர்தரப் பௌதிகவியல் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், பொலோனியம்-210 விடுகிற அல்பாவுக்கு 5.3 மெகா இலத்திரன் வோல்ற்று. சூரிய நியூத்திரினோ தட்டுகிற இலத்திரனுக்குப் பெரும்பாலும் ஒரு மெகாகூட இல்லை. பிறகேன் இரண்டும் குழம்புது?"

நல்ல கேள்வி. அல்பா என்பது கதிர்த்தொழிற்பாட்டு அணு விடும் ஈலியம் கரு. நியூத்திரினோ என்பது ஏற்றமில்லாத, எதிலும் அரிதாகவே மோதுகிற துணிக்கை. முதல் பிழையும் அதற்குள்ளேயே இருக்கிறது: வெளிச்சத்தின் அளவையே சக்தி என்று எடுத்துக்கொள்வது. சிண்டிலேற்றர் என்பது துணிக்கை பட்டால் மின்னுகிற திரவம். அல்பா தன் சக்தி முழுவதையும் ஒரு மில்லிமீற்றரின் சிறு பங்குக்குள் கொட்டிவிடும். அருகருகே நெருக்கமாக அருட்டப்பட்ட மூலக்கூறுகள் ஒளி விடுமுன்னரே பெரும்பகுதியை வெப்பமாக இழந்துவிடும். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் 2007 முதல் 2021 வரை இயங்கிய பொரெக்சினோ என்ற நியூத்திரினோ உணரியில், அந்த 5.3 வெறும் 0.4 அளவில்தான் தெரிந்தது. சூரியனின் பெரிலியம்-7 நியூத்திரினோக்கள் தட்டும் இலத்திரன்களோ 0.66 வரை பரந்திருக்கும். அல்பா வந்து விழுவது சரியாக அதன் நடுவில்!

அப்படியென்றால் எதை வைத்துப் பிரிப்பது? வாலை வைத்து, அதாவது மின்னலின் பின்னால் மெதுவாக மங்கும் ஒளியை வைத்து. தவிலில் ஒரு தட்டு உடனே அடங்கிவிடும். நல்லூர் மணியோ ஒலித்து ஓய நேரமெடுக்கும். பீற்றா, அதாவது கரு விடும் வேகமான இலத்திரன், தவில் மாதிரி; அல்பா மணி மாதிரி. அதன் ஒளியில் மெதுவாக வரும் பங்கு கூட. மொத்த ஒளியில் வால் எத்தனை பங்கு என்று பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

ஆனால் திரவத்தில் ஒட்சிசன் கரைந்திருந்தால் அந்த மெதுவான ஒளியைத்தான் முதலில் தின்னும். நைதரசனைக் குமிழியாக விட்டு அதை வெளியேற்றாமல் அளந்தால் அல்பாவும் பீற்றா போலத் தோன்றும். அடுத்தது தூரம். இந்தத் திரவத்தில் ஒளி ஒரு நானோசெக்கனில் ஏறத்தாழ 20 சென்றிமீற்றர்தான் போகும். சீனாவின் ஜூனோ உணரி 20,000 தொன் திரவம் கொண்ட, 35 மீற்றர் விட்டமுள்ள கோளம். ஒளியைப் பிடித்து மின்துடிப்பாக்கும் ஒவ்வொரு ஒளிப்பெருக்கிக் குழாய்க்கும் பயண நேரத்தைக் கழிக்காவிட்டால், வராத வால் வந்ததுபோல் இருக்கும். எல்லாச் சக்திக்கும் ஒரே வரம்பை வைப்பதும் பிழை. ஒளி குறைந்த நிகழ்வுகளில் வாலின் அளவு தாறுமாறாக ஆடும்.

காமாவைப் பற்றி ஒரு வார்த்தை. காமா என்பது கரு விடும் உயர்சக்தி ஒளி. அது தானாகத் திரவத்தை மின்னவைக்காது, அது தட்டிய இலத்திரன்தான் மின்னும். ஆகவே வாலை வைத்துக் காமாவைப் பீற்றாவிலிருந்து அல்பா போலப் பிரிக்கலாம் என்று நம்பக்கூடாது.

என்னை மிகவும் கவர்வது சோடிகள், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக வரும் இரண்டு மின்னல்கள். நாம் மூச்செடுக்கும் காற்றிலுள்ள ரேடனின் வழித்தோன்றல்தான் பிசுமத்து-214. அது பீற்றாவை விட்டுப் பொலோனியம்-214 ஆகும். பொலோனியம்-214இன் அரைவாழ்வு 164 மைக்ரோசெக்கன், பிறகு அல்பா. இந்தச் சோடி மாசுதான். ஆனாலும் எது பீற்றா, எது அல்பா என்று உறுதியாகத் தெரிவதால் உங்கள் முறையைச் சோதிக்க இதைவிட நல்ல மாதிரி கிடையாது.

நியூத்திரினோவின் எதிர்த்துணிக்கையான எதிர்நியூத்திரினோ புரோத்தனில் மோதினாலும் சோடியாகத்தான் தெரியும்: முதலில் பொசித்திரன் (நேரேற்ற இலத்திரன்), சுமார் 200 மைக்ரோசெக்கனில் நியூத்திரனை ஐதரசன் பிடிக்கும் 2.2 மெகா இலத்திரன் வோல்ற்றுக் காமா. இதைக் கண்டதும் எதிர்நியூத்திரினோ என்று எழுதிவிடுவதுதான் பெரிய பிழை. வேகமான ஒரு நியூத்திரன் முதலில் புரோத்தனைத் தட்டி மின்னவைத்து, பிறகு பிடிபட்டாலும் இதே காட்சிதான். புரோத்தனின் வால் பொசித்திரனுடையதைவிடக் கனமானது. அதனால் இரண்டாவது மின்னலைப் பார்த்துச் சந்தோசப்படுமுன் முதல் மின்னலுக்குத் திரும்பிப் போய் அதன் வாலை அளந்து பாருங்கள்.